நால்வர் சீட்டாட்டத்தில் விரைவு வெற்றிச் சேர்க்கைகளும் மேசைப் பேரமும்

முன்னுரை

1993ஆம் ஆண்டு ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, அமெரிக்காவின் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் சீட்டு விளையாட்டு, போட்டி அரங்கில் பெரிதும் இருவர் ஆட்டமாகவே வளர்ந்தது. அதன் ‘கமாண்டர்’ வகையிலோ பெரும்பாலும் நால்வர் ஒரு மேசையில் அமர்கின்றனர். ஒவ்வொருவரிடமும் 100 சீட்டுகள் கொண்ட கட்டு இருக்கும். அடிப்படை நிலச் சீட்டுகள் நீங்கலாகப் பொதுவாக எச்சீட்டும் ஒருமுறைக்கு மேல் இடம்பெறாது. தொடக்க உயிர்ப்புள்ளி 40. நட்பு முறைப் பொழுதுபோக்காகத் தோன்றிய இவ்வகை, வெற்றி ஒன்றையே நோக்கும் போட்டி வடிவிலும் ஆடப்படுகிறது. அவ்வடிவில் வாய்ப்பேச்சு பெறும் இடத்தை ஆட்டத்திற்குப் புறம்பான இரைச்சலாகக் கருதுவோர் உளர். ஆட்டத்தின் செலவுக் கணக்கே அப்பேச்சைப் பிறப்பிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சேர்க்கையின் இயக்கம்

மூன்று எதிராளிகளின் 120 உயிர்ப்புள்ளிகளைத் தாக்கித் தாக்கிக் குறைப்பது நெடும்பணி. ஆதலின், இரண்டு மூன்று சீட்டுகள் இணைந்து ஆட்டத்தை உடனடியாக முடிக்கும் ‘காம்போ’ எனும் சேர்க்கைகள் இங்கு மேலோங்குகின்றன. 2020இல் வெளிவந்த ‘தாசாஸ் ஆரக்கிள்’ களத்தில் நுழையும்போது, ஆடுபவரின் களத்திலுள்ள நீலக் குறிகளின் எண்ணிக்கை அவர் கட்டில் எஞ்சிய சீட்டுகளின் எண்ணிக்கைக்குக் குறையாதிருப்பின் அவர் வெல்கிறார். ‘டெமானிக் கன்சல்டேஷன்’ சீட்டோ, ஒரு சீட்டின் பெயரைச் சொல்லி, அது கிட்டும்வரை கட்டிலுள்ளவற்றை நீக்கச் செய்வது. கட்டில் இல்லாத ஒரு பெயரைச் சொன்னால் கட்டு முழுவதும் ஒழிகிறது. இழப்பாக எழுதப்பட்ட விதி இங்கு வெற்றிக்கு வழியாகிறது. இரண்டுக்கும் சேர்த்து மூன்று மனா, அதாவது மூன்று ஆற்றல் அலகுகள், போதும். கட்டு ஒழிந்தபின் ஆரக்கிளைக் களத்திலிருந்து அகற்றினும் பயனில்லை. சுழியம் சுழியத்திற்குக் குறைந்ததன்று.

தடுப்பவரின் இழப்பு

எனவே, உரிய கணத்தில் தடுப்புச் சீட்டை இடவேண்டும். அதனை யார் இடுவது என்பதே சிக்கல். ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’ சீட்டை மனா இன்றி இடுபவர், ஓர் உயிர்ப்புள்ளியுடன் கையிலுள்ள மற்றொரு நீலச் சீட்டையும் இழக்கிறார். இருவர் ஆட்டத்தில் அவ்விழப்பு எதிராளியின் இழப்போடு ஈடாகலாம். நால்வர் ஆட்டத்திலோ, தடுத்தவர் இரு சீட்டுகள் குறைந்து நிற்க, ஏனைய இருவர் செலவின்றிப் பிழைக்கின்றனர். ஆந்திரேயாஸ் டீக்மன் 1985இல் ‘தன்னார்வலர் இக்கட்டு’ என விளக்கிய நிலை இதுவே: ஒருவர் ஈந்தால் அனைவரும் பிழைப்பர், எவரும் ஈயாவிடில் அனைவரும் கெடுவர்.

டீக்மனின் மாதிரியில் அனைவரும் ஒருங்கே முடிவெடுப்பர். இங்கோ, மறுவினை ஆற்றும் உரிமை இருக்கை வரிசையில் நகர்கிறது. முதலாமவர் சேர்க்கையைத் தொடங்கின், இரண்டாமவர் தடுக்காது விட்டுவிடலாம், மூன்றாமவரும் அவ்வாறே செய்யலாம், நான்காமவருக்கு அவ்வாய்ப்பில்லை. அவரும் விட்டுவிட்டால் சேர்க்கை நிறைவேறிவிடும். ஆதலின், சுமை கடைசி இருக்கையை நோக்கிச் சரிகிறது. ஆயினும் கடைசியாக அமர்ந்தவர் கையில் தடுப்பு உண்டா என்பது முன்னவருக்குத் தெரியாது. “உங்களிடம் உண்டா?” என்னும் வினா எழுவது இவ்விடத்தில்தான்.

வாக்குறுதியும் சமனும்

அவ்வினாவுக்கு உண்மை கூறவேண்டிய கட்டாயமில்லை. அனைவரும் அறியத்தக்க செய்திகளைத் திரித்துரைப்பதைப் போட்டி விதிகள் தடுக்கின்றன. மறைந்துள்ள கைச்சீட்டுகளைப் பற்றிப் பொய்யுரைப்பதைத் தடுப்பதில்லை. “இம்முறை நீங்கள் தடுத்தால் அடுத்த சுற்றில் உங்களைத் தாக்கமாட்டேன்” என்னும் உறுதியை நிறைவேற்றி வைக்கும் நடுவரும் இல்லை. இருப்பினும் உறுதிகள் பெரும்பாலும் மதிப்புப் பெறுவதற்குக் காரணம், அதே ஆட்டக்காரர்கள் மீண்டும் மீண்டும் சந்திப்பதேயாகும். ஆட்டத்திற்கு வெளியே பொருள் தந்து முடிவை வாங்குவது மட்டும் கையூட்டாகக் கொள்ளப்பட்டுத் தண்டிக்கப்படுகிறது.

இப்பேரத்தின் கூர்மையான வடிவம் சமன் கோரிக்கை. பல போட்டிகளில் வெற்றிக்கு 5 புள்ளியும் சமனுக்கு 1 புள்ளியும் வழங்கப்படுகின்றன. கையில் தடுப்புள்ள ஒருவர், “இதனை நான் தடுத்தால் அடுத்தவர் வெல்வார், எனவே நால்வரும் சமனுக்கு இசைவோம், இன்றேல் தடுக்கமாட்டேன்” எனலாம். மறுத்தால் தாமும் தோற்பார் என்பதால் இம்மிரட்டல் வெறுஞ்சொல்லாகத் தோன்றும். ஆனால், தடுத்தாலும் தோல்வி உறுதி எனில் அவர் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அந்நிலையில் மிரட்டல் நம்பத்தக்கதாகிறது. தோற்கும் நிலையிலிருப்பவரே பேரத்தில் வலிமை பெறும் இம்முரண், தாமஸ் ஷெல்லிங் 1960இல் வெளியிட்ட ‘மோதலின் உத்தி’ நூலின் சிந்தனைக்கு நெருங்கியது. சமனுக்குரிய அந்த ஒரு புள்ளியை நீக்கினால், தோற்கவிருப்பவருக்கு அக்கோரிக்கையால் நேரடி ஆதாயம் இல்லை. எதிராளிகளின் புள்ளியைக் குறைப்பதே அவருக்கு எஞ்சும் நோக்கம்.

வேகத்தடை

2024 செப்டம்பரில் ‘மனா கிரிப்ட்’, ‘ஜுவல்ட் லோட்டஸ்’, ‘டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட்’ ஆகிய விரைவு மனாச் சீட்டுகள் கமாண்டரில் தடைசெய்யப்பட்டன. வேகம் குறைந்தால் பேச்சும் குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆட்டம் நீளும்போது ஒவ்வொரு கையிலும் தடுப்புகள் சேர்கின்றன. யாரிடம் எத்தனை என்னும் ஐயமும் பெருகுகிறது. மூன்று மனாவில் முடியும் ஆரக்கிள் சேர்க்கையோ அத்தடைப் பட்டியலில் இடம்பெறவில்லை.