ஏரிக்கு எதற்கு ஒரு வாரியம்?

பிள்ளைகளே, உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கல்லில் வெட்டிய எழுத்துகள் வரிவரியாக ஓடும். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஊர்ச்சபை செய்த தீர்மானங்கள் அவற்றில் இருக்கின்றன.

குடவோலை முறையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அப்படி வந்தவர்கள் எந்த வேலையைப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அவர்களில் 6 பேர் கொண்ட குழுதான் ஏரி வாரியம். 360 நாளும் ஏரியைக் கவனிப்பது அவர்கள் பொறுப்பு.

கரை கட்டி, மதகு வைத்துவிட்டால் ஏரி தானாக இருக்காதா? இருக்காது. காரணம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்துக்கால்வாய் செம்மண் நிறத்தில் பாய்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் மணலையும் களிமண்ணையும் சுமந்து வரும். ஏரிக்குள் வந்ததும் அது பரந்து விரிகிறது, வேகம் குறைகிறது, சுமக்கும் பலமும் போய்விடுகிறது. கனமான மணல் முதலில், ஏரி வாயிலேயே இறங்கிவிடும். மெல்லிய களிமண் துகள்கள் உள்ளே வெகுதூரம் போய், மெதுவாகப் படியும். வீட்டில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தோட்டத்து மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். மேலே உள்ள கலங்கல் தெளிய மறுநாள்கூட ஆகலாம்.

ஒவ்வொரு மழைக்காலமும் இப்படி ஒரு படலம் வண்டல் சேர்ந்தால், ஏரியின் பரப்பு அப்படியே இருக்கும். ஆழம் மட்டும் குறைந்துகொண்டே போகும். பார்வைக்கு நிறைந்த ஏரிதான், ஆனால் கோடை வருவதற்குள் வற்றிவிடும். உத்திரமேரூரின் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். அதைத் தூர்வாருவதற்கென்றே பல்லவர் காலத்திலேயே அறக்கொடை வைத்தார்கள். வாரியெடுத்த வண்டல் வயலுக்கு நல்ல உரம்.

கரைக்கும் காவல் வேண்டும். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் மட்டும் தரும் அழுத்தமே நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். அதனால்தான் ஏரிக்கரை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கிறது. நண்டு வளையோ எலி வளையோ வழியாக நீர் கசிந்தால், அது மண்ணை அரித்துக்கொண்டே போய்க் கரையை உடைத்துவிடும். மிகுந்த நீர் கரைமேல் ஏறாமல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போக ஒரு வழியும் தேவை, அதுதான் கலிங்கு.

இத்தனைக்கும் ஆளும் பணமும் வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும், அவருடைய நெருங்கிய உறவினரையும் மறுபடி குடவோலையில் சேர்க்கக் கூடாது என்று அந்தச் சபை விதித்தது. மிகச் சரியான விதி என்பேன்.

இந்த மழைக்காலத்தில் பெரியவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். மதகு எங்கே, கலிங்கு எங்கே, வழியும் நீர் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டு, ஒரு படம் வரையுங்கள்.