பழைய டிராக்டரும் எண்ணெய்க் குழாயும்

சென்ற ஆண்டு ஒரு தோட்ட விளைபொருள் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். இருப்புப் பதிவேட்டில் சிறு டிராக்டர் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. வாழைத் தோட்டங்களுக்கென வாங்கிய 18 குதிரைசக்தி யந்திரம் அது. கொட்டகையில் சென்று பார்த்தபோது எஞ்சின் நன்றாகவே இயங்கிற்று. ஆனால் கலப்பையைத் தூக்கும் கைகள் அசையவில்லை. அதனைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட நிர்வாகக் குழுவின் தீர்மானமும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. பழுது பார்ப்பவரை அழைத்துக் காட்டினோம். பம்பு பழுதன்று, அதிலிருந்து செல்லும் எண்ணெய்க் குழாய்களே பழுது என்று அவர் கூறினார்.

அதைவிட வருந்தத்தக்க செய்தி ஒன்றும் அங்கே தெரிய வந்தது. முன்பு அதனை ஓட்டிய இளைஞர், எண்ணெய் எங்கே கசிகிறதென்று அறியக் குழாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாராம். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரிந்தது. வலியும் அதிகம் இல்லை. மறுநாள் கை வீங்கிற்று. முடிவில் அவர் விரலின் ஒரு கணுவை இழந்தார். சங்கத்தின் கணக்கில் எண்ணெய் வாங்கிய தொகை ஒவ்வொன்றும் இருந்தது; இந்த விரலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகவேதான் இவ்விஷயத்தை அங்கத்தினர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

அழுத்தத்தின் வலிமை

மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். இவ்விதியை 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டுப் பாஸ்கல் விளக்கினார். இதைக் கொண்டு 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அழுத்த யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சைப் பொதியாக அழுத்தும் யந்திரங்களும் இதே விதியில் இயங்குவதை நெசவாளர் பலர் கண்டிருப்பர்.

டிராக்டரில் எஞ்சினால் சுழலும் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ என்று கொள்வோம். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மீது அது ஏறக்குறைய 4,000 கிலோ விசையாகிறது. கார்ச் சக்கரத்தின் காற்றழுத்தமோ சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அளவேயாகும். இத்தகைய அழுத்தத்தில் மயிரிழைத் துளை வழியே பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்வதில் வியப்பில்லை. அவ்வாறு நேர்ந்தால், புண் சிறிதாயினும் உடனே மருத்துவமனைக்குச் சென்று, எண்ணெய் உட்புகுந்தது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வீக்கம் வரும்வரை காத்திருத்தல் ஆபத்து. கசிவைத் தேட ஒரு நீண்ட அட்டைத் துண்டே போதும். அதில் எண்ணெய்க் கறை படிந்து இடத்தைக் காட்டிவிடும். அட்டையைப் பிடிக்கும் கை குழாயைவிட்டு விலகியே இருக்கட்டும். கண்ணாடி அணிவதும் நன்று.

எந்தக் குழாய்?

எண்ணெயைப் பம்புக்கு இழுத்து வரும் குழாயில் அழுத்தம் குறைவு. அங்கே எண்ணெய் தாங்கும் ரப்பர்க் குழாயும் கிளிப்பும் தகும். ஆனால் அது விரிசல் கண்டால் காற்று உள்ளே புகும், எண்ணெய் நுரைக்கும், கைகள் நடுங்கித் தூக்கும்.

பம்பிலிருந்து புறப்படும் குழாயின் நிலை வேறு. அங்கே தையலற்ற எஃகுக் குழாய் வேண்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பொருத்தினால் பூச்சு உதிர்ந்து வால்வுகளைக் கெடுக்கும். செம்புக் குழாய் அதிர்ச்சியால் நாளடைவில் இறுகி வெடிக்கும்.

டிரெய்லரைத் தூக்கும் வளையும் குழாய், நெசவாளருக்கு எளிதில் புரியும். உள்ளே செயற்கை ரப்பர். அதன்மேல் எஃகுக் கம்பிப் பின்னல், ஒன்று அல்லது இரண்டு அடுக்கு. வெளியே காப்பு ரப்பர். அழுத்தத்தைத் தாங்குவது அப்பின்னலே. வெளி ரப்பர் வெடித்தால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். மேலே பார்வைக்குக் குழாய் நன்றாகவே இருக்கும். ஒரு குழாய் முதுமையால் வெடித்ததாயின், அதனுடன் அதே காலத்தில் பொருத்திய மற்றவற்றையும் மாற்றிவிடுதல் நலம்.

மாற்றும் முறை

முதலில் கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, தூக்கும் கைப்பிடியைப் பலமுறை முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்தத்தைப் போக்க வேண்டும். தூக்கிய டிரெய்லரின் அடியில் உறுதியான முட்டு இன்றி ஒருவரும் நுழையலாகாது.

கழற்றிய குழாயையே பட்டறைக்குக் கொண்டு செல்க. மரைகள் பலவகை, பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் பொருந்தா. வலிந்து முறுக்கினால் பம்பின் உடலே கெடும். வளையும் குழாயின் முனைகளை யந்திரத்தால் அழுத்திப் பொருத்தித் தருவிக்க வேண்டும். கழற்றிய துளைகளை உடனே சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் புதிய பம்பையும் பாழாக்கும். புதுக் குழாயையும் உள்ளே காற்றூதித் துடைத்த பின்னரே பொருத்துக.

குழாயின்மேல் அச்சிட்ட கோடு நேராக ஓடினால் முறுக்கு ஏறவில்லை என்பது பொருள். அழுத்தத்தில் அதன் நீளம் சிறிது மாறுமாதலால் கொஞ்சம் தளர்வு வேண்டும். புகைக்குழாயை அது தொடலாகாது.

பின்னர்த் தயாரிப்பாளர் குறித்த எண்ணெயை ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓட்டி, பாரமின்றிக் கைகளைப் பலமுறை ஏற்றி இறக்கினால் காற்று வெளியேறும். மீண்டும் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது; மாற்றிவிடுக.

சங்கத்தின் கடமை

விலைப்புள்ளி கேட்கும்போது "குழாய் ஒன்று" என்று மட்டும் எழுதினால் மலிவானதே வந்து சேரும். உள்விட்டம், நீளம், பின்னல் அடுக்கு, தாங்கவேண்டிய அழுத்தம் ஆகிய நான்கையும் எழுதிக் கேட்க வேண்டும். அப்போது விலை கூடுதலாயினும் தணிக்கையில் காரணம் காட்ட இயலும்.

மேற்சொன்ன சங்கத்தில் தீர்மானம் கைவிடப்பட்டது. குழாய்கள் மூன்றும் மாற்றப்பட்டு டிராக்டர் இப்போது வாடகைக்கு உழுகிறது. பதிவேட்டில் குழாய் பொருத்திய நாளைக் குறிக்க ஒரு பத்தி சேர்த்துள்ளனர். கொட்டகைச் சுவரில் ஆணியடித்து ஓர் அட்டைத் துண்டும் தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டவர் அவ்விளைஞரே.