ஹம்பியில் இன்னும் ஓடும் தண்ணீர்

ஹொசபேட்டையிலிருந்து ஹம்பிக்கு 13 கிலோமீட்டர்தான். வழியெங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் உருண்டைப் பாறைகள். அவற்றின் மேல் காயும் வெயில். மழை குறைந்த பெல்லாரிச் சீமை இது. ஆனாலும் பாறைகளுக்கு நடுவே வாழைத்தோப்பும் கரும்பும் நெல்வயலும் பச்சைப்பசேலென்று கிடக்கின்றன. விஜயநகர மன்னர்கள் வெட்டிய வாய்க்கால்களில் இன்றும் துங்கபத்திரைத் தண்ணீர் ஓடுவதுதான் காரணம். 1336இல் இங்கே எழுந்ததாகச் சொல்லப்படும் அவர்களின் தலைநகரம் 1565இல் அழிந்தது. அதற்குச் சோறு போட்ட வாய்க்கால்கள் அழியவில்லை. ஹம்பிக்குப் போகிறவர்கள் கோயில்களைப் போலவே இவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆற்றின் குறுக்கே கல்லணைகள் போட்டுத் தண்ணீரைத் திருப்பினார்கள். அப்படி வந்த துருத்து கால்வாய், கோயில்கள் நிறைந்த ஆற்றங்கரைக்கும் அரண்மனைப் பகுதிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கை நனைக்கிறது. அந்தப் பக்கம்தான் உக்கிர நரசிம்மர் இருக்கிறார். 1528இல் ஒரே பாறையில் செதுக்கியது. உயரம் ஏறத்தாழ 22 அடி. மடியில் இருந்த லட்சுமியை உடைத்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அவரை அணைத்திருந்த தேவியின் கை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. பின்பக்கமாகப் பார்த்தால்தான் தெரியும். ஒட்டினாற்போல் படவிலிங்கம். வாய்க்கால் நீர் கருவறைக்குள்ளேயே வருவதால் சிவன் எப்போதும் தண்ணீரில்தான் நிற்கிறார்.

அரண்மனை வளாகத்தில் மகாநவமி மேடைக்கு அருகில் உள்ள படிக்குளத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். 1980களில் தொல்லியல் துறை தோண்டியபோதுதான் அது வெளியே வந்தது. கறுப்புக் கல்லில் ஐந்தடுக்குப் படிகள். ஒவ்வொரு அடுக்கிலும் சின்னச் சின்னப் படிக்கட்டுகள் கூம்பாக எழுகின்றன. குனிந்து பார்த்தால் கற்களில் கொத்தர்கள் பொறித்த குறிகள் தெரியும். எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று குறித்துவைத்துக்கொண்டு பொருத்தியிருக்கிறார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கல்தொட்டிப் பாலம் தூண்கள் மேல் இன்றும் நிற்கிறது. அதே வட்டாரத்தில், ஓடுநீர் வாய்க்காலின் ஓரமாக வரிசையாய்க் கிடக்கும் கல் தட்டுகளில் சோற்றுக்கும் கறிக்கும் தனித்தனிக் குழிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. சாப்பிட்ட இடத்திலேயே கையும் தட்டும் கழுவ வசதி.

இவையெல்லாம் எப்படிக் கட்டப்பட்டன என்பதற்கு நேரில் பார்த்தவரின் சாட்சி ஒன்று உண்டு. 1520 வாக்கில் கிருஷ்ணதேவராயரின் தலைநகருக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், இரண்டு குன்றுகளுக்கு நடுவே பெரிய ஏரி ஒன்று உருவாவதைக் கண்டார். பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் எறும்புகளைப் போல மொய்த்து, தரையே தெரியாதபடி வேலை செய்தார்களாம். கரை இரண்டு மூன்று முறை உடைந்தது. தெய்வம் பலி கேட்கிறது என்று சொல்லப்பட, அறுபது பேரின் தலைகள் வெட்டப்பட்டதாக அவர் எழுதுகிறார். 1535 வாக்கில் எழுதிய பெர்னாவ் நூனிஸும் மரண தண்டனைக் கைதிகள் பலியானதைச் சொல்கிறார். அதே நூனிஸ் இன்னொன்றும் சொல்கிறார்: அந்த ஏரி பாய்ந்த நிலங்களை மன்னர் ஒன்பது ஆண்டுகளுக்கு வரியில்லாமல் குடிகளுக்குக் கொடுத்தார், நிலம் திருந்திய பிறகு வருமானம் 20,000 வராகன் அளவுக்கு உயர்ந்தது. அந்தக் கொடுமையும் இந்த மதியூகமும் ஒரே அரசனுடையவை. அவரது பெருமை பேசும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படையை நடத்திய ராமராயர் வீழ்ந்தார். அரச குடும்பம் பெனுகொண்டாவுக்குப் போனது, நகரம் சூறையாடப்பட்டது. இன்றும் பூசை நிற்காத விரூபாட்சர் கோயிலைத் தவிர, பெருங்கோயில்கள் பலவும் வெறுமையாயின. விட்டலர் கோயிலின் கல்தேர், உண்மையில் கருடன் சந்நிதி. அதன் மேல் செங்கல் விமானம் ஒன்று இருந்ததை 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் காணலாம். இன்று அதுவும் இல்லை. அதே கோயிலின் இசைத்தூண்களைத் தட்டக் கூடாது என்று இப்போது தடை உண்டு. மிகவும் சரியான தடை.

1986இல் ஹம்பி உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆற்றில் கட்டத் தொடங்கிய பாலத்தால் 1999இல் ஆபத்துப் பட்டியலிலும் ஏறியது, 2006இல்தான் நீங்கியது. 2011இல் விரூபாட்சர் கோயில் வீதியின் பழைய மண்டபங்களில் கடை வைத்து, குடியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மண்டபத்தைக் காக்க வேண்டும்தான். ஆனால் தேர் இழுத்து, பூ விற்று, யாத்ரீகருக்குச் சோறு போட்ட மக்களை அகற்றிவிட்டு அந்த வீதியைக் கடைவீதி என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வாய்க்கால் பிழைத்ததே, உழவர்கள் அதை விடாமல் பயன்படுத்தித் தூர்வாரி வந்ததால்தான்.

நம் ஊரிலும் ஹம்பியின் ஒரு துண்டு இருக்கிறது. உதயகிரிக் கோட்டையைக் கஜபதி மன்னரிடமிருந்து கைப்பற்றிய கிருஷ்ணதேவராயர், அங்கிருந்து பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்து ஹம்பியில் அவருக்கென்று கோயில் எழுப்பினார். நரசிம்மரிடமிருந்து சற்று நடந்தால் அந்தக் கோயில். சேதியைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேயே நிற்கிறது. கருவறை மட்டும் காலி. பாலகிருஷ்ணர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஹம்பிக்கு ரயில் ஏறும் முன் அவரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.