பரிசு அறிவிப்பு எழுதுவது எப்படி?

பள்ளி விழாவுக்குக் கோப்பை கேட்டு ஆசிரியர்கள் நம் கடைப்படி ஏறுவது புதிதல்ல. முன்பு ஓட்டப் பந்தயத்துக்குக் கேட்டார்கள். இப்போது ரோபோ போட்டிக்கும் கேட்கிறார்கள். மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடத் திட்டம் 2016-ல் தொடங்கிய பின், பல பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மோட்டாரும் ஒயரும் கையில் எடுத்துவிட்டார்கள். கோப்பை வாங்கிக் கொடுப்பதோடு நம் வேலை முடிவதில்லை. "நீங்களே நாலு வார்த்தை சிரிக்கச் சிரிக்கச் சொல்லி அறிவித்துவிடுங்கள் ஐயா" என்று மைக்கையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கான யோசனைகளை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989-ல் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1998-ல் டென்மார்க்கின் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து சிறுவர் போட்டியும் வந்தது. அதில் ரோபோ களத்தில் ஓடுவது இரண்டரை நிமிடமே. ஆனால் பரிசு அதற்கு மட்டுமல்ல; வடிவமைப்பு, கூட்டுழைப்பு, புதிய யோசனை என்று தனித்தனியே உண்டு. நடுவர்கள் அணியின் பெயரை எடுத்தவுடன் சொல்வதில்லை. பெயரைத் தொட்டு ஒரு விடுகதை, பரிசுக்கான காரணம், கடைசியில் பெயர் என்று அறிவிப்பார்கள். தங்கள் அணிதானோ என்று பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள்.

நமக்கு இது கடினமே இல்லை. விடுகதைக்கு வேண்டிய சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது. ஓர் அணியின் பெயர் 'மலைப்பூண்டு' என்று வைத்துக்கொள்வோம். "2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய இவருக்கு உடம்பெல்லாம் பல். இந்த அணியின் ரோபோவுக்கோ சக்கரமெல்லாம் பல். ஒரு பல்கூட வழுக்காமல் பாரம் தூக்கியதால் வடிவமைப்புப் பரிசு..." என்று இழுத்துப் பெயரைச் சொல்லலாம். 'பஞ்சாமிர்தம்' என்ற அணிக்கு, "பழம், வெல்லம், நெய், தேன், ஏலம் எதுவும் தனியாக நின்றால் பழனிக்குப் பெருமையில்லை. ஐவரும் கலந்து நின்றதால் கூட்டுழைப்புப் பரிசு" எனலாம். 'குறிஞ்சி'க்கு, "கொடைக்கானலில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. இன்று இரண்டரை நிமிடத்தில் பூத்துவிட்டது" என்றால் போதும்.

ஆனால் நாம் ஒருமுறை தவறு செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன் மலைமேல் ஒரு பள்ளி விழாவில், ஓர் அணியின் ரோபோ முதல் சுற்றில் பாதியிலேயே நின்றுபோனது. அவர்களுக்கு ஆறுதல் பரிசு. "வத்தலக்குண்டிலிருந்து ஏறிய பழைய லாரி போல டம்டம் பாறையிலேயே புகைந்து நின்ற அணி" என்று வாசித்தோம். மண்டபம் அதிரச் சிரித்தது. அணித் தலைவியான சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. தலைகுனிந்து வந்து பரிசை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்கிவிட்டாள். அறுந்த ஒயரைத் தானே பிரித்துக் கோர்த்து, அடுத்த சுற்றில் அவள் ரோபோவை ஓட்டிக் காட்டியிருக்கிறாள். நடுவரிடம் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும். நாம் கேட்கவில்லை. அதே லாரியை வைத்து, "டம்டம் பாறையில் லாரி நின்றால் நல்ல டிரைவர் இறங்கி ஓடுவாரா? பழுது பார்த்து மலையேற்றிய அணி இது" என்று எழுதியிருக்கலாம். சிரிப்பும் குறைந்திருக்காது, பிள்ளையும் நிமிர்ந்து நடந்திருப்பாள். சில்லறை எண்ணித் தரும் வாடிக்கையாளரைக் கேலி செய்தால் அவர் மறுபடி நம் கடைக்கு வரமாட்டார். பிள்ளைகளும் அப்படித்தான், மேடையில் அடிபட்டால் மறுவருடம் போட்டிக்கே வரமாட்டார்கள்.

எனவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பரிசுக்கான காரணத்தை நடுவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் எழுதும் அறிவிப்பு, எடை போடாமல் கட்டிய பொட்டலம்.

2. வேடிக்கை அணியின் பெயரிலோ உழைப்பிலோ இருக்கட்டும். ஊர், சாதி, உருவம், பேச்சு, பெற்றோர் தொழில் இவற்றைத் தொடவே கூடாது.

3. ஐந்தாறு வரி போதும். எல்லா அணிக்கும் ஒரே அளவு. ஒருவருக்கு ஒரு படி, மற்றவருக்கு அரைப்படி என்று அளக்கக் கூடாது.

4. பெயர்களின் உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டு, ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்.

5. பரிசு கொடுத்த கடையின் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். நம் பெயரை மூன்று முறை சொல்லிப் பிள்ளையின் பெயரை விழுங்கிவிடுவது வியாபாரமும் அல்ல, தர்மமும் அல்ல.

கோப்பையின் முலாம் இரண்டு மழைக்காலத்தில் மங்கிவிடும். அன்று மைக்கில் கேட்ட வார்த்தை அந்தப் பிள்ளையின் மனதில் வெகுகாலம் இருக்கும். நாம் கொடுக்கும் பரிசில் அதுவும் ஒரு சரக்கு. அதைத் தரமாகக் கொடுப்போம்.