மாறா அடித்தளக் கணிப்பொறியில் தனிவழிப் பிணைப்பு

திருப்பதியும், அங்கிருந்து சித்தூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் சுற்றுப்புறமும் இன்று விஞ்ஞான ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற பிரதேசமாக விளங்குகின்றன. 1954ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திருப்பதியில் உள்ளது. 2015ஆம் ஆண்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகம் ஒன்றும் அங்கே தொடங்கப்பட்டன. காதங்கி என்னும் சிற்றூரில், விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம், 1,024 ஆண்டெனாக்களைக் கொண்ட ராடாரின் உதவியால் மேல்வளியின் இயக்கத்தை ஆராய்ந்து வருகிறது.

இத்தகைய நிலையங்களில் கிடைக்கும் நூல்வசதி வளாகத்தின் எல்லையோடு நின்றுவிடுவது வழக்கம். விஞ்ஞானச் சஞ்சிகைகளை வெளியிடுவோர், வாசகரின் வேண்டுகோள் எந்தப் பிணைய முகவரியிலிருந்து வருகிறது என்பதைக் கொண்டே பெரும்பாலும் அனுமதி அளிக்கின்றனர். ஆதலால், வளாகத்தில் தடையின்றித் திறக்கும் ஒரு கட்டுரை, அதே ஆசிரியர் பலமனேரிலோ புங்கனூரிலோ தம் இல்லத்தில் அமர்ந்து கேட்கும்போது திறப்பதில்லை. களத்தில் எடுத்த அளவீடுகளை அலுவலகச் சேமிப்பகத்தில் சேர்க்க வேண்டிய ஊழியருக்கும் இதே இடர்ப்பாடு நேரிடுகிறது. இதற்குப் பரிகாரமாக அமைந்ததே வி.பி.என். எனப்படும் தனிவழிப் பிணைப்பு.

இதன் தத்துவம் எளியது. முத்திரையிட்ட தபால் பை பல ரயில் நிலையங்களைக் கடந்து சென்றாலும், சேரவேண்டிய நிலையத்தில்தான் திறக்கப்படுகிறது. அவ்வாறே, பயனாளரின் செய்திகள் மறைகுறியாக்கப்பட்டு, பொது இணையத்தின் வழியே அலுவலகத்தை அடைந்து, அங்கே திறக்கப்பட்டு, அங்கிருந்து புறப்பட்டவை போல மேற்செல்கின்றன. பிராக்ஸி என்பது பயனாளருக்குப் பதிலாகச் செய்தி கேட்டுப் பெற்றுத்தரும் இடையாள். இவ்விரண்டிலும், பை திறக்கப்படும் இடத்தில் உள்ளவரின் நேர்மையையே பயனாளர் நம்பியிருக்கிறார் என்பதை மறத்தலாகாது.

மாறா அடித்தளம் யாது?

அண்மைக் காலத்தில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு புதிய வகை பரவி வருகிறது. 2018ஆம் ஆண்டில் பெயர் சூட்டப்பெற்ற ஃபெடோரா சில்வர்புளூ இதற்குத் தக்க உதாரணமாகும். இவ்வகையில் இயங்குதளத்தின் அடித்தளத்தைப் படிக்கலாம். அதில் எழுத முடியாது.

கிராமக் கணக்குகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. நிலவரித் திட்டத்தின்போது தயாரான நிலையான பதிவேட்டில் எவரும் நினைத்தபடி அடித்து எழுதுவதில்லை. ஆண்டுதோறும் மாறும் பயிர் விவரங்கள் அடங்கலில் எழுதப்படுகின்றன. மறு நிலவரித் திட்டம் வரும்போது புதிய பதிவேடு முழுமையாகத் தயாராகிறது. சில்வர்புளூவில் ‘யு.எஸ்.ஆர்.’ என்னும் அடைவு நிலையான பதிவேட்டை ஒத்தது. ‘இ.டி.சி.’, ‘வார்’ என்னும் அடைவுகளும், பயனாளரின் இல்ல அடைவும் அடங்கலை ஒத்தவை. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது புதிய அடித்தளம் முழுமையாகப் பக்கத்தில் தயாரிக்கப்பட்டு, கணிப்பொறியை மீண்டும் துவக்கியபின் நடைமுறைக்கு வருகிறது. பழைய அடித்தளமும் வைத்திருக்கப்படுவதால், புதியதில் பழுது காணப்பட்டால் முந்தையதற்குத் திரும்பிவிடலாம். வல்லுநர் அருகில் இல்லாத கிராமப் பள்ளிக்கு இது பெரும் அனுகூலமாகும்.

பிணக்கு எங்கே எழுகிறது?

பிராக்ஸி மென்பொருள்கள் பலவற்றின் நிறுவு நிரல்கள், தம் கோப்புகளை அடித்தளத்திலேயே எழுத முற்படுகின்றன. உடனே, ‘படிக்க மட்டுமே உரிய கோப்பமைப்பு’ என்னும் பொருள்பட மறுப்புச் செய்தி தோன்றுகிறது. கணிப்பொறி பழுதுற்றது என்று எண்ண வேண்டுவதில்லை. எழுதத் தகாத பதிவேட்டில் எழுத முயன்றதன் விளைவே அது. எவ்விடத்தில் எழுதலாம் என்பதை அறிந்தால் வேலை முடிகிறது. அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அடித்தளத்தில் முன்னரே உள்ளதைப் பயன்படுத்துதல். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய வயர்கார்டு என்னும் தனிவழிப் பிணைப்பு முறை, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கருநிரலின் 5.6ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அலுவலகம் இம்முறையைப் பின்பற்றுமாயின், அங்கு வழங்கப்படும் அமைப்புக் கோப்பை நெட்வொர்க்மேனேஜர் என்னும் பிணைய மேலாளரில் ஏற்றினால் போதும். அவ்விவரம் எழுதத்தக்க ‘இ.டி.சி.’ அடைவில் பதிவாகிறது, அடித்தளம் தொடப்படுவதில்லை.

இரண்டாவது, மென்பொருளை எழுதத்தக்க இடத்தில் வைத்தல். உலாவி ஒன்றுக்கு மட்டும் உதவும் பிராக்ஸியாயின், அது பயனாளரின் இல்ல அடைவிலிருந்தே இயங்கும். விசேஷ அதிகாரம் எதுவும் வேண்டுவதில்லை. கணிப்பொறியின் போக்குவரத்து முழுவதையும் திருப்ப வேண்டுமாயின் ‘டன்’ எனப்படும் கற்பனைப் பிணைய முகம் ஒன்றைப் படைக்க வேண்டும். இதற்கு நிர்வாகி அதிகாரம் தேவை. ஃபிளாட்பேக் முறையில் நிறுவிய மென்பொருள் தனி அடைப்புக்குள் இயங்குவதால், இவ்வதிகாரம் அதற்குச் சாதாரணமாகக் கிட்டாது. ஆகவே மென்பொருளை ‘யு.எஸ்.ஆர். லோக்கல்’ அடைவில் வைத்து, சேவைக் கோப்பை ‘இ.டி.சி.’ அடைவில் எழுத வேண்டும். முன்னதன் பெயர் அடித்தளத்தினுடையது போலத் தோன்றினும், சில்வர்புளூவில் அது எழுதத்தக்க ‘வார்’ அடைவுக்கே இட்டுச் செல்கிறது. இல்ல அடைவிலுள்ள மென்பொருளைச் சேவையாக இயக்க முயன்றால், எஸ்.இ.லினக்ஸ் என்னும் காவல் அமைப்பு அதைத் தடுக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் இடத்துக்கேற்ற அடையாளச் சீட்டு உண்டு. ஆதலின் கோப்பை உரிய இடத்துக்கு மாற்றியபின், அச்சீட்டையும் புதுப்பித்தல் அவசியம்.

மூன்றாவது, அடித்தளத்தின்மேல் ஓர் அடுக்காகச் சேர்த்தல். பிணைய மேலாளருக்குரிய செருகுநிரல் போன்றவற்றுக்கு இவ்வழி ஏற்றது. ஆர்.பி.எம்.-ஓ.எஸ்.ட்ரீ என்னும் கருவி, சேர்க்க வேண்டிய பொதியுடன் கூடிய புதிய அடித்தளத்தைத் தயாரிக்கிறது. கணிப்பொறியை மீண்டும் துவக்கிய பின்னரே இதன் பயனைக் காணலாம். ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் இவ்வடுக்கு மீண்டும் சேர்க்கப்படுவதால், அடுக்குகள் குறைவாக இருத்தல் நலம்.

தவிர்க்கத்தக்கவை

எழுத்துத் தடையை நீக்கிவிட்டு அடித்தளத்திலேயே எழுதுவோரும் உண்டு. அன்றைக்கு மென்பொருள் இயங்கும். ஆனால் அடுத்த புதுப்பித்தலில் அடித்தளம் முழுவதும் மாற்றப்படுவதால், எழுதியவை மறைந்துபோகும். தேர்வு மதிப்பெண்களையோ மழை அளவுகளையோ அனுப்ப வேண்டிய நாளில் பிணைப்பு அற்றுப்போவதற்கு இதுவே காரணமாகலாம். எஸ்.இ.லினக்ஸ் காவலை முழுவதும் நிறுத்திவிடுவதும் தவறு. ஒரு பூட்டுக்குச் சாவி கிடைக்கவில்லை என்று வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றி வைப்பதற்கு அது ஒப்பாகும்.

அமைப்பு முடிந்தபின் நான்கு சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும். வெளியுலகுக்குத் தெரியும் பிணைய முகவரி, அலுவலகம் கூறியபடி உள்ளதா? தளப்பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டி.என்.எஸ். விசாரணைகளும் உரிய வழியிலேயே செல்கின்றனவா? கணிப்பொறியை மீண்டும் துவக்கியபின் பிணைப்பு எழுகிறதா? இயங்குதளத்தைப் புதுப்பித்தபின்னும் அது நிலைக்கிறதா? நான்காவது சோதனையில் தேறிய அமைப்பையே நம்பத்தக்கது எனலாம். வளாக முகவரிகள் மட்டும் தனிவழியே செல்லுமாறு அலுவலகம் அமைத்திருந்தால், வெளி முகவரி மாறாதிருப்பது பிழையன்று.

சட்டத்தையும் கருதுதல் வேண்டும். இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழு, 2022 ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட உத்தரவின் மூலம், வி.பி.என். சேவை அளிப்போர் தம் சந்தாதாரர் விவரங்களை ஐந்தாண்டுகளுக்கோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டுமெனப் பணித்தது. அதே ஆண்டு ஜூனில், அரசாங்க ஊழியர்கள் வெளியாரின் வி.பி.என். சேவைகளைப் பயன்படுத்தலாகாது என்னும் வழிகாட்டுதலும் வெளியாயிற்று. ஆகவே ஊழியர்கள் தம் அலுவலகமே அளிக்கும் பிணைப்பைக் கேட்டுப் பெறுதலே முறையாகும்.

மாறா அடித்தளம் பயனாளரின் கையைக் கட்டுவதற்காக ஏற்பட்டதன்று. அவருடைய உழைப்பு வீணாகாமல் காப்பதற்காக ஏற்பட்டது. நிலையானதை நிலையாக விட்டு, மாறுவதை மாறும் இடத்தில் எழுதினால், பலமனேரில் உள்ள ஆசிரியருக்கும் வளாகத்தின் நூல்நிலையம் என்றும் திறந்திருக்கும்.