நிழலில் பூக்கும் "குயில் பூ"

வெயில் படாத இடத்தில் பூச்செடி வளருமா? ஜப்பானில் அப்படி ஒரு செடி வளர்கிறது. மலைக்காட்டில், மர நிழலில், ஈரப் பாறை ஓரத்தில் அது இருக்கும். உயரம் 2, 3 அடி.

அதன் பெயர் "ஹொட்டோட்டொகிசு". அது ஒரு குயிலின் பெயர்! அந்தக் குயிலின் மார்பில் கருங்கோடுகள் உண்டு. பூவின் வெள்ளை இதழ்களிலோ ஊதாப் புள்ளிகள். அந்தச் சாயலைக் கண்டு வைத்த பெயர்.

இங்கிலாந்தில் இதையே "தேரை லில்லி" என்கிறார்கள். பாவம், பூ என்ன செய்யும்!

மற்ற செடிகள் பூத்து ஓய்ந்த பிறகு, செப்டம்பர், அக்டோபரில் இது பூக்கிறது. அதில்தான் ஆபத்து. உறைபனி முந்திக்கொண்டால் மொட்டெல்லாம் கருகிவிடும். ஓர் ஆண்டுப் பாடு வீண்!

ஆகவே குளிர் மிகுந்த ஊர்களில், வாடைக்காற்று படாத சுவரோரமாக நடுகிறார்கள். மண்ணில் இலை மக்கு கலக்க வேண்டும். ஈரம் காயக் கூடாது. காய்ந்தால் இலை நுனி பழுப்பாகிவிடும். தண்ணீர் தேங்கவும் கூடாது. இளந்தளிரை நத்தை தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் தண்டு மடிந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் துளிர்க்கும். அப்போது தூரைப் பிரித்து நட்டால், ஒரு செடி நாலாகும்.

பூ சிறியது, சுமார் ஓர் அங்குலம்தான். நடைபாதை ஓரத்தில் வைத்தால்தான் புள்ளிகள் கண்ணில் படும்.