மலைநாட்டு எஞ்சினும் அதன் மாதிரியுருவும்

பூண்டுலோயாவுக்கு அண்மையிலுள்ள புகையிரத நிலையம் தலவாக்கலையாகும். அதன் வழியே 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதையின் அகலம் ஐந்தரை அடி. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற பாதையின் அகலமோ இரண்டரை அடியே. இக்குறும்பாதை 1940களில் மூடப்பட்டது. நீராவி எஞ்சின்களும் அன்றாடச் சேவையினின்று நீங்கின. அவற்றின் தோற்றத்தை இன்று கண்முன் நிறுத்த மாதிரியுருக்கள் துணைபுரியும்.

மாதிரியுருவுக்கு உயிர் அளவாகும். உறுப்புக்களாகப் பெட்டியில் விற்கப்படும் எஞ்சின்களுட் பல, ஓரடியை 4 மில்லிமீற்றராகச் சுருக்கும் ஆங்கில முறையைத் தழுவியன. அம்முறைப்படி நம் அகலப்பாதை 22 மில்லிமீற்றரும் குறும்பாதை 10 மில்லிமீற்றரும் ஆதல் வேண்டும். அவ்வெஞ்சின்கள் ஓடும் தண்டவாளமோ பெரும்பாலும் 16.5 மில்லிமீற்றர் அகலமுடையது. இங்கிலாந்தின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்கே 18.83 மில்லிமீற்றர் வேண்டுமாதலின், அது அந்நாட்டுக்கும் முற்றும் பொருந்துவதன்று.

ஆகவே, அகலப்பாதை எஞ்சினை அமைப்போர் முதற்கண் நீண்ட அச்சுக்களைக் கொண்டு சட்டத்தை அகலப்படுத்தல் வேண்டும். அடுத்து, சக்கரங்களையும் இணைதண்டுகளையும் பூட்டி உருட்டிப் பார்த்தல் வேண்டும். தண்டின் துளைகளுக்கிடையேயுள்ள தூரம் அச்சுக்களின் தூரத்தோடு ஒவ்வாவிடின் சக்கரங்கள் இடறும். அவை தடையின்றிச் சுழன்ற பின்னரே கொதிகலனையும் புகைபோக்கியையும் பற்றாசிட்டுப் பொருத்தி, வண்ணம் பூசுதல் முறையாகும். அகலம் பிழைத்த எஞ்சின், வண்ணத்தால் எத்துணை அழகு பெறினும், மலைநாட்டு எஞ்சின் ஆகாது.